போரும் தலைவர்களின் மனமாற்றமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அயல்நாட்டுப் போர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், போரைத் தொடங்கிய தலைவரே அதை முடித்துவைப்பது அபூர்வம் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை இன்னும் விரித்துச் சொல்லியிருக்கலாம்.

ஆரம்பத்தில் மார்தட்டுகிறவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் சமாதானம் பேசத் தொடங்குகிறார்கள். பத்திரிகைகள் இதை மனமாற்றம் என்று எழுதுகின்றன. உண்மையிலேயே மனம் மாறுகிறதா? என் நண்பர், எல்லாம் மக்கள் கருத்துதான், தேர்தல் நெருங்கினால் எவரும் மாறுவார்கள் என்கிறார். தேர்தல் பயமே இல்லாத சோவியத் தலைவர்களும் ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறினார்களே என்று கேட்டேன், அவரிடம் பதில் இல்லை. தவறு என்று தெரிந்த பிறகும் ஏன் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள்? செய்தி படிக்கிற என்னைப் போன்ற ஒருவர், ஒரு தலைவர் மாறத் தொடங்கிவிட்டார் என்பதை எதை வைத்துக் கண்டுகொள்வது?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

மனம் மாறிவிட்டது என்ற விளக்கம் பெரும்பாலும் ஆவணங்களோடு ஒத்துப்போவதில்லை. ஒரு தலைவர் போரைப் பற்றி அந்தரங்கமாகச் சொல்வது, மேடையில் பேசுவது, ஆணையில் கையெழுத்திடுவது ஆகிய மூன்றையும் தனித்தனியாகத் தேதி போட்டு எழுதிப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து மாறுவதே இல்லை. அந்தரங்கக் கருத்து பல சமயம் போர் தொடங்கும் முன்பே போருக்கு எதிராகத்தான் இருக்கிறது. மாறுவது வேறொன்று: போரைத் தவிர்ப்பதற்கும், போரிலிருந்து விலகுவதற்கும் அந்தத் தலைவர் கொடுக்கவேண்டிய விலை.

அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சனை எடுத்துக்கொள்வோம். 1964 மே 27 அன்று அவர் தன் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியுடன் தொலைபேசியில் பேசியது ஒலிப்பதிவாகவே இருக்கிறது. வியட்நாமுக்காகச் சண்டை போடுவதில் அர்த்தம் இருப்பதாகத் தனக்குப் படவில்லை, ஆனால் அங்கிருந்து வெளியேற முடியும் என்றும் தோன்றவில்லை என்கிறார். அதே நாள் செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலிடம், விட்டுவிட்டு ஓடிவரும் ஜனாதிபதியைப் பதவிநீக்கம் செய்துவிட மாட்டார்களா என்று கேட்கிறார். அப்போது அங்கிருந்த அமெரிக்கப் படையினர் சுமார் 16,000 பேர், ஆலோசகர்கள் என்ற பெயரில். புலிவாலைப் பிடித்தவன் கதை என்பார்கள். ஜான்சன் விஷயத்தில், பிடிப்பதற்கு முன்பே அது புலிவால் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆகஸ்டில், வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த ஜான்சனுக்கு அதிகாரம் தந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் கீழவையில் 416–0 என்றும் செனட்டில் 88–2 என்றும் நிறைவேறியது. அக்டோபரில் ஆக்ரன் நகரத் தேர்தல் கூட்டத்தில், ஆசியப் பையன்கள் தாங்களே செய்யவேண்டியதைச் செய்ய அமெரிக்கப் பையன்களை ஒன்பது பத்தாயிரம் மைல் தாண்டி அனுப்பமாட்டேன் என்று பேசினார். நவம்பரில் 61 சதவீத வாக்குகளுடன் ஜெயித்தார்.

விலகுவதற்கான விலை மிகக் குறைவாக இருந்த தருணம் அதுதான். 1965 பிப்ரவரியில் துணை ஜனாதிபதி ஹூபர்ட் ஹம்ஃப்ரி அதையே ஒரு குறிப்பாக எழுதிக் கொடுத்தார். இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு, வலதுசாரிகளுக்குப் பயப்படாமல் வெளியேற இதைவிட நல்ல ஆண்டு கிடைக்காது என்பது அதன் சாரம். பலன், வியட்நாம் தொடர்பான ஆலோசனைகளிலிருந்து அவரையே நெடுநாள் ஒதுக்கி வைத்தார்கள். ஜான்சன் போட்ட கணக்கு வேறு. 1949ல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனபோது, சீனாவைப் பறிகொடுத்தவர்கள் என்ற பழி அவருடைய ஜனநாயகக் கட்சியை எப்படித் துரத்தியது என்பதைப் பார்த்தவர் அவர். அதோடு முதியோர் மருத்துவக் காப்பீடு, கறுப்பின மக்களின் வாக்குரிமை ஆகிய மசோதாக்கள் அப்போது காங்கிரசில் இருந்தன. வியட்நாமில் தோற்றவர் என்று பெயரெடுத்தால் அவை நிறைவேறாது என்று நம்பினார்.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கவேண்டும். பெரிய முடிவு என்று ஒன்று எடுக்கப்படாமலே போர் எப்படிப் பெரிதாகிறது என்பது இங்கே தெரியும். 1965 மார்ச் 2 அன்று வட வியட்நாம்மீது தொடர் விமானத் தாக்குதல் தொடங்கியது. விமானங்கள் டா நாங் தளத்திலிருந்து கிளம்பின. தளத்தைக் கொரில்லாக்கள் தாக்கினால் என்ன செய்வது? காவலுக்கு ஆள் வேண்டும். மார்ச் 8 அன்று சுமார் 3,500 மரைன் படையினர் கரையிறங்கினார்கள். வேலை காவல் மட்டுமே. ஆனால் மோர்ட்டார் குண்டு சில கிலோமீட்டர் பாயும், வேலிக்குள் உட்கார்ந்து அதைத் தடுக்க முடியாது. ரோந்து வெளியே போகவேண்டும், போனால் சண்டை வரும். ஏப்ரல் 6 தேதியிட்ட ஆணை அந்தப் படையினர் தாக்குதலில் இறங்கவும் அனுமதி தந்தது. கூடவே, இந்த மாற்றம் முன்கூட்டி வெளியே தெரிந்துவிடாமல் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்கவேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். ஆணை மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை.

ஜூலை 28 அன்று படை எண்ணிக்கையை 75,000லிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக ஜான்சன் அறிவித்தார். நாடே பார்க்கும் இரவு உரையில் அல்ல, நண்பகல் பத்திரிகையாளர் சந்திப்பில். உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதியை நியமிக்கும் செய்தியும் அதே சந்திப்பில் வந்தது. ரிசர்வ் படையை அழைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ஜூலை 30ல், மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எதை விற்று எதை வாங்கினார் என்பது புரியும். 1967 முடிவில் அங்கே 4,85,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள்.

சரி, பிறகு எது மாற்றியது? 1968 ஜனவரி இறுதியில் தென் வியட்நாம் நகரங்கள்மீது கம்யூனிஸ்ட் படைகள் தொடங்கிய டெட் தாக்குதல் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பின் வந்த ஓர் எண். தளபதிகள் கூடுதலாக 2,06,000 பேர் கேட்டார்கள். இதுவரை ஜான்சன் போரைத் தவணை தவணையாக, யாருக்கும் அதிகம் வலிக்காமல் நடத்திவந்தார். இந்த எண்ணை அப்படிக் கொடுக்க முடியாது. ரிசர்வ் படையை அழைக்கவேண்டும், வரியை உயர்த்தவேண்டும், டாலரோ ஏற்கனவே ஆட்டம் கண்டிருந்தது. மார்ச் 15 அன்று லண்டன் தங்கச் சந்தையையே மூடவேண்டி வந்தது.

மார்ச் 1ல் பாதுகாப்பு அமைச்சரான கிளார்க் கிளிஃபர்ட் போர் ஆதரவாளராக அறியப்பட்டவர். அவர் தளபதிகளை உட்காரவைத்துக் கேட்ட கேள்விகள் மிகச் சாதாரணமானவை. இந்த 2,06,000 பேர் போதுமா? தெரியாது. போதாவிட்டால் இன்னும் எத்தனை பேர்? தெரியாது. எத்தனை காலம் ஆகும்? யாரும் சொல்லத் தயாராக இல்லை. வெற்றிக்கான திட்டம் என்ன? எதிரி களைத்துப்போகும்வரை அடிப்பது, அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளாக இந்தக் கேள்விகள் கேட்கப்படவில்லை என்பதல்ல. 1965லேயே வெளியுறவுத் துறையில் ஜார்ஜ் பால் கேட்டார். அப்போது பதில் இல்லாமல் சமாளிக்க முடிந்தது, இப்போது முடியவில்லை.

மார்ச் 12ல் நியூ ஹாம்ப்ஷயர் முதனிலைத் தேர்தலில், போரை எதிர்த்து நின்ற, ஜான்சனின் சொந்தக் கட்சி செனட்டர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார். 1967 நவம்பரில் போரைத் தொடரச் சொன்ன மூத்த ஆலோசகர்கள் குழு, மார்ச் 26ல் பெரும்பான்மையாக மாற்றிச் சொன்னது. மார்ச் 31 இரவு உரையில் ஜான்சன் குண்டுவீச்சைப் பகுதியளவு நிறுத்துவதாகவும், மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்றும் அறிவித்தார்.

இதை மனமாற்றத்தின் உச்சக் காட்சியாகச் சொல்வது வழக்கம். ஆனால் படை குறையவில்லை. 1969 ஏப்ரலில்தான் அது உச்சத்தைத் தொட்டது, சுமார் 5,43,000. அந்தப் போரில் இறந்த 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்தது 1968 ஜனவரிக்குப் பிறகு. வியட்நாமியர் சாவு இதைப் போலப் பல மடங்கு. போர் ஜெயிக்காது என்று மேலிடம் ஒப்புக்கொண்ட பிறகுதான் இத்தனையும்.

நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. காலப் கருத்துக்கணிப்பில், படை அனுப்பியது தவறு என்றவர்கள் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம், 1967 அக்டோபரில் 47 சதவீதம். ஆனால் மக்கள் கருத்து தலைவரை நெருக்குமே தவிர, நெருங்கிய மாத்திரத்தில் அவர் அசைவதில்லை. ஸ்பெயினில் பெரும்பான்மை மக்கள் எதிர்த்தும் பிரதமர் அஸ்னார் ஈராக் போரை ஆதரித்தார், படையும் அனுப்பினார். 2004 மார்ச் 14 தேர்தலில் அவர் கட்சி தோற்றது. ஏப்ரல் 17ல் பதவியேற்ற புதிய பிரதமர் சப்பாத்தேரோ, மறுநாளே சுமார் 1,300 பேரைத் திரும்ப அழைத்தார். மனம் மாறுவதற்கு ஆள் மாறுவது எவ்வளவு மலிவான மாற்று, பாருங்கள். புதியவர் யாருடைய சாவுக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

சோவியத் உதாரணத்தை நீங்கள் எழுப்பியது நல்லது, அங்கே இந்த விலைக்கணக்கு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 1979 மார்ச்சில் ஹெராத்தில் ஆப்கான் படைப்பிரிவு கலகம் செய்தது. மார்ச் 17 முதல் 19 வரை சோவியத் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ கூடிப் பேசிய குறிப்புகள் பின்னர் வெளியாகின. முதல் நாள் வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோ, எந்த நிலையிலும் ஆப்கானிஸ்தானை இழக்கக்கூடாது என்கிறார். மறுநாள் உளவுத் துறைத் தலைவர் ஆந்திரபோவ், துப்பாக்கிமுனையில்தான் அங்கே புரட்சியைக் காப்பாற்ற முடியும், அது நமக்கு ஆகாது என்கிறார். குரோமிக்கோ அதை அப்படியே ஆமோதிக்கிறார். படை அனுப்பினால் மேற்கோடு இத்தனை காலம் கட்டிய இணக்கம் போகும், ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் போகும் என்று பட்டியலே போடுகிறார். ஒரே இரவில் ஒரு அமைச்சர் எதிர்த்திசைக்குப் போய்விட்டார். அதே நாட்களில் ஆப்கான் தலைவர் தராக்கி தொலைபேசியில் சோவியத் பிரதமர் கொசிகினிடம், சோவியத் தாஜிக்குகளையும் உஸ்பெக்குகளையும் ஆப்கான் சீருடையில் அனுப்புங்கள், யாருக்கும் தெரியாது என்று கெஞ்சுகிறார். கொசிகின் அதை ஏற்கவில்லை.

டிசம்பர் 12ல் அதே குரோமிக்கோவும் ஆந்திரபோவும் பாதுகாப்பு அமைச்சர் உஸ்தினோவும்தான் படை அனுப்பும் முடிவை நகர்த்தினார்கள். பொலிட்பீரோ உறுப்பினர் செர்னென்கோ கையால் எழுதிய அந்த ஒற்றைத் தாளில் நாட்டின் பெயர்கூட இல்லை, ஓர் எழுத்துதான். ஒன்பது மாதத்தில் என்ன ஆனது? தராக்கியைக் கொன்றுவிட்டு ஆப்கான் தலைவராக வந்த அமின்மீது மாஸ்கோவுக்கு நம்பிக்கை இல்லை. அதைவிட, மார்ச்சில் குரோமிக்கோ போட்ட பட்டியல் காலாவதியாகிவிட்டது. ஜூனில் கையெழுத்தான ஆயுத ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் சிக்கிக் கிடந்தது. அதே டிசம்பர் 12ல்தான் நேட்டோ ஐரோப்பாவில் 572 ஏவுகணைகளை நிறுத்த முடிவுசெய்தது. மார்ச்சில் இழக்க அஞ்சியது டிசம்பரில் ஏற்கனவே கைநழுவிப் போயிருந்தது. ஆப்கான் மக்களைப் பற்றிய அவர்களுடைய மதிப்பீடு மாறியதாக எங்கும் தெரியவில்லை.

வெளியேறியதும் இதே வழியில்தான். கோர்பச்சேவ் 1985 மார்ச்சில் பொறுப்பேற்றார். அந்த அக்டோபரிலேயே, படையினரின் தாய்மார்கள் எழுதிய கடிதங்களைப் பொலிட்பீரோவில் வாசித்தார். 1986 பிப்ரவரியில் கட்சி மாநாட்டில் ஆப்கானிஸ்தானை ரத்தம் கசியும் புண் என்றார், ஆனால் பழியை ஏகாதிபத்தியத்தின் மீது போட்டார். மே மாதம் காபூலில் ஆப்கான் தலைவர் கர்மாலை மாற்றி நஜிபுல்லா வந்தார். நவம்பர் 13 கூட்டத்தில் மார்ஷல் அக்ரமேயெவ், சோவியத் வீரன் கால்படாத இடம் அந்த நாட்டில் இல்லை, ஆனாலும் பெரும்பகுதி கிளர்ச்சியாளர் கையில்தான் இருக்கிறது என்று சொன்னார். ஓர் ஆண்டு, மிஞ்சினால் இரண்டு ஆண்டு என்று அன்று கெடு வைத்தார்கள். பொதுமக்களுக்குத் தேதி சொன்னது 1988 பிப்ரவரியில். ஜெனீவா ஒப்பந்தம் ஏப்ரல் 14. கடைசிப் படை பாலத்தைக் கடந்தது 1989 பிப்ரவரி 15.

முடிவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே ஏன் இத்தனை காலம்? உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. காபூலில் நம்பி நின்ற அரசு அடுத்த வாரமே விழுந்துவிடக் கூடாது. மற்ற கூட்டாளி நாடுகள் மாஸ்கோவைக் கைவிடுகிறவர்களாகப் பார்க்கக் கூடாது. ராணுவம் தோற்று ஓடியதாகத் தெரியக் கூடாது. ஒவ்வொன்றும் காரணமாகத்தான் தோன்றும், 1985 அக்டோபரிலிருந்து கூட்டினால் மூன்று ஆண்டுக்கு மேல். இதில் வேடிக்கை, நஜிபுல்லா அரசு படை போனதும் விழவில்லை. எரிபொருளும் பணமும் ஆயுதமும் வந்துகொண்டிருந்தவரை மூன்று ஆண்டுகள் நின்றது. 1992 தொடக்கத்தில் உதவி நின்றது, ஏப்ரலில் விழுந்தது. எந்தப் பயத்துக்காகப் படையை நிறுத்திவைத்திருந்தார்களோ அந்தப் பயமே இடம்மாறி இருந்தது.

இலங்கையில் இந்திய அமைதிப்படை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம்மிடையே ஒரு தவறான நினைவு உண்டு. 1987 ஜூன் 4ல் யாழ்ப்பாணத்தின் மீது விமானத்திலிருந்து நிவாரணப் பொருள் போட்ட அரசு, ஜூலை 29ல் ஒப்பந்தம் போட்டது, அக்டோபரில் புலிகளோடு போரில் இருந்தது. படையைத் திருப்பி அழைத்தவர் வி.பி. சிங் என்பார்கள். கடைசிக் கப்பல் கிளம்பியது 1990 மார்ச் 24ல் அவர் காலத்தில்தான். ஆனால் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா வெளியேறச் சொல்லிக் கெடு வைத்து, முதல் சிறு பிரிவு கிளம்பியது 1989 ஜூலையில். ஆண்டு முடிவுக்குள் விலகுவது என்று உடன்பாடு ஆனது செப்டம்பர் 18ல். இரண்டும் ராஜீவ் காலத்தில். அவர் அதைத் தோல்வி என்றோ தவறு என்றோ சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் வரும் முன்பே ஆட்சி மாறியது.

இனி, செய்தி படிக்கும்போது எதைப் பார்ப்பது. முதலில் குறிக்கோளைச் சொல்லும் வாக்கியத்தைப் பாருங்கள். எதிரியை ஒழிப்பது, பிறகு எதிரி ஜெயிக்காமல் பார்ப்பது, பிறகு கௌரவமான தீர்வு, பிறகு நம் வீரர்களைப் பத்திரமாகக் கொண்டுவருவது என்று அது சுருங்கிக்கொண்டே வரும். ஒரு படி இறங்கினால் மறுபடி ஏறுவது அரிது. உள்ளூர்ப் படைக்குப் பயிற்சி என்ற பேச்சு அடிபடத் தொடங்கினால், பொறுப்பைக் கைமாற்ற ஏற்பாடு நடக்கிறது என்று கொள்ளலாம். நிக்சனின் அமைச்சர் மெல்வின் லேர்ட் அதற்கு வியட்நாம்மயமாக்கல் என்று பெயரே வைத்தார். பாதுகாப்பு அமைச்சர் மாற்றம், வெற்றிக்குத் தேதி சொல்லிவந்தவர்கள் வெளியேற்றத்துக்குத் தேதி சொல்வது, கூட்டாளி நாட்டுத் தலைவரின் ஊழலும் சோம்பலும் திடீரென்று கண்ணில் படுவது, இவையும் நம்பத்தகுந்த அடையாளங்கள். கடைசியில் சொன்னதை நான் எப்போதும் கவனிப்பேன். ஊழல் புதிதல்ல, அதைப் பேசவேண்டிய தேவைதான் புதிது.

ஏமாற்றும் அடையாளமும் உண்டு. தாக்குதல் கடுமையாவதை வைத்து, தலைவர் இன்னும் மாறவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். விலக முடிவெடுத்தவர்கள் பலர் விலகும் முன் பலமாக அடிக்கிறார்கள், பேரத்தில் கை ஓங்கட்டும் என்று. 1970 ஏப்ரல் 20ல் நிக்சன், அடுத்த ஓர் ஆண்டில் 1,50,000 பேரைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார். பத்து நாள் கழித்துக் கம்போடியாவுக்குள் படையை அனுப்பினார். இரண்டும் ஒரே கொள்கைதான். ஒபாமா 2009 டிசம்பர் 1 உரையில் ஆப்கானிஸ்தானுக்கு 30,000 பேரைக் கூட்டியதும், 2011 ஜூலையில் திரும்புதல் தொடங்கும் என்றதும் ஒரே மூச்சில். அந்தக் கூட்டலை உள்ளே எதிர்த்த துணை ஜனாதிபதி பைடன்தான், 2021 ஏப்ரலில் ஜனாதிபதியாக இறுதி வெளியேற்றத்தை அறிவித்தார். அவர் கருத்து அப்படியே இருந்தது, நாற்காலிதான் மாறியது.

நினைவுக்குறிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வுபெற்ற தலைவர்கள் தங்கள் சந்தேகத்தை முன்தேதியிட்டு எழுதுவார்கள், ஆகையால் அன்றைய தாளைத் தேடிப் படியுங்கள். கிளிஃபர்டுக்கு முன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் மெக்நமாரா தவறிழைத்தோம் என்று புத்தகமாக எழுதியது 1995ல். ஆனால் 1967 நவம்பர் 1 அன்று அவர் ஜான்சனுக்குக் கொடுத்த குறிப்பு கிடைக்கிறது. இதே போக்கில் தொடர்வது ஆபத்து, படை எண்ணிக்கையை இத்துடன் நிறுத்தவேண்டும், குண்டுவீச்சையும் நிறுத்தவேண்டும் என்கிறார். அந்த மாத இறுதியிலேயே அவர் உலக வங்கிக்குப் போவது அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, ஆகஸ்டில், செனட் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, குண்டுவீச்சால் மட்டும் வட வியட்நாமைப் பணியவைக்க முடியாது என்பதுவரை சொன்னார். தரைப்போரும் முட்டுச்சந்தில் நிற்கிறது என்பதை ஜனாதிபதிக்கு மட்டும் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், பதவியில் இருக்கிற ஒருவர் வெளியே எதுவரை போகமுடிந்தது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார் என்பது தெரியும். அதன் பிறகு அவர் அதைப் புத்தகமாக எழுத ஏறக்குறைய 28 ஆண்டு ஆனது.